அப்பாவின் தட்டுகள், கேசட்டுகள், சிடிகள்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது?

நீங்கள் கேட்டது இது. அப்பா நாற்பது வருஷமாகச் சேர்த்த, நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டுகள், பல பாட்டு கொள்ளும் எல்பி தட்டுகள், சில பாட்டே கொள்ளும் ஈபி தட்டுகள், டிரங்குப் பெட்டிகளில் முந்நூறு கேசட், ஓர் அலமாரி நிறைய சிடி. சின்ன வீட்டுக்கு மாறுகிறீர்கள். "எல்லாப் பாட்டும்தான் போனில் இருக்கிறதே, இதை எதற்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். காயலான் கடைக்குப் போட உங்களுக்கு மனம் வரவில்லை. ஏன் வைத்திருக்க வேண்டும் என்று எடுத்துச் சொல்லவும் வரவில்லை.

பாட்டு கேட்பதற்கு மட்டும் என்றால் அதில் பெரும்பகுதி தேவையில்லை, வீட்டார் சொல்வது சரி. ஆனால் எல்லாம் போனில் இருக்கிறது என்பது சரியல்ல. போனில் இல்லாதது எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் காப்பாற்றுவதுதான் இன்றைக்குச் சேகரிப்பவரின் வேலை. உங்கள் அப்பா காலத்தில் ஒரு பாட்டு கையில் இருந்தால்தான் கேட்க முடியும், அதனால் எல்லாவற்றையும் வாங்கினார். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஒரு பாட்டின் முதல் வரியை ஸ்பாட்டிஃபையிலோ யூடியூபிலோ தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அப்பாவிடம் இருக்கும் அதே பதிவுதானா என்று பார்க்கும்போதுதான் சிக்கல் தெரியும். பத்து அங்குல 78 தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றேகால் நிமிஷம்தான் இடம். படத்தில் ஐந்து நிமிஷம் ஓடிய பாட்டைத் தட்டில் ஏற்ற ஒரு சரணத்தை வெட்டினார்கள், அல்லது பாகம் 1, பாகம் 2 என்று இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள். சில பாட்டுகள் தட்டில் வரவே இல்லை. அதற்கும் முன்னால், நடிப்பவரே படப்பிடிப்பில் நின்று பாடிய 1930களில், படத்தில் கேட்டது ஒன்று, ரெக்கார்டு கம்பெனிக்குப் போய்த் தனியாகப் பாடிக் கொடுத்தது வேறொன்று. பிற்பாடு இவை சிடிக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் வந்தபோது எந்த வடிவம் போய்ச் சேர்ந்தது என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும்.

நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு படத்திலும் நடிக்காமல் 1933இல் மறைந்தார். அந்தக் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது தட்டுகளால் மட்டுமே. ஏவி. மெய்யப்ப செட்டியார் சினிமாவில் இறங்குமுன் கூட்டாளிகளோடு நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் முத்திரையில் தட்டுகள் வெளியிட்டது. அந்தக் காலத்து நாடகப் பாட்டு, நகைச்சுவைத் தட்டு, நாதஸ்வரத் தட்டு இவற்றில் எவ்வளவோ இன்னும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில்தான் கிடக்கின்றன. அப்பாவின் 78களில் சினிமா அல்லாதவை இருந்தால் முதலில் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

78 என்றதும் ஒரு உபரித் தகவல். மற்ற நாடுகள் கைவிட்ட பிறகும் இந்தியாவில் 78 தட்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தன. 1960களில் பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78 தட்டாக வந்தன, அவற்றை உலகெங்கும் தேடுகிறார்கள். ஆங்கிலத் தட்டுதானே என்று எதையும் கழித்துவிடாதீர்கள்.

அடுத்தது ஒலி. 1978இல் வந்த 'ப்ரியா' ஸ்டீரியோவில் பதிவான தமிழ்ப் படப் பாடல்களில் முன்னோடி. அதையொட்டி வந்த பத்து ஆண்டுகளின் இளையராஜா பாடல்களை எல்பியிலோ, அமெரிக்காவின் ஓரியண்டல் ரெக்கார்ட்ஸ் 1980களின் பிற்பகுதியிலிருந்து வெளியிட்ட சிடிகளிலோ கேட்டவர்கள், இன்று செயலியில் ஒலிப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சில பாடல்களில் இரைச்சலை நீக்குகிறேன் என்று வயலின்களின் மேல்ஸ்தாயி மினுக்கத்தையும் சேர்த்து நீக்கியிருப்பார்கள். சிலவற்றில் மெல்லிய இடமும் ஓங்கிய இடமும் ஒரே உரப்பில் இருக்கும். முதலில் பதிவான மாஸ்டர் டேப் கிடைக்காமல் கேசட்டிலிருந்தோ தேய்ந்த தட்டிலிருந்தோ ஏற்றியவையும் உண்டு. அப்படி ஏற்றும்போது டேப் 6 சதவீதம் வேகமாக ஓடினால் பாட்டின் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். 3 சதவீதம் என்றாலே கட்டைகளுக்கு இடையில் போய் நிற்கும், ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையோடும் சேராது. போனில் சுருதி காட்டும் ஒரு டியூனர் செயலி போட்டால் இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஆப்பிள் மியூசிக் 2021 முதல் சுருக்கத்தால் தரம் குறையாத ஒலியைத் தருகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் ஏற்றிய மூலமே தவறான வேகத்தில் இருந்தால் அந்தத் தவற்றைத் துல்லியமாகக் கேட்கிறோம், அவ்வளவே.

பெயர் விவரங்கள் இன்னும் மோசம், எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இதில்தான். 'ஆயிரத்தில் ஒருவன்' என்று தேடினால் 1965இன் படமும் 2010இன் படமும் கலந்து வருகின்றன. முதலாவது விஸ்வநாதன் ராமமூர்த்தி சேர்ந்து இசையமைத்தது, இரண்டாவது ஜி.வி. பிரகாஷ்குமாருடையது. 'பில்லா' 1980லும் 2007லும், 'விக்ரம்' 1986லும் 2022லும் உண்டு. தேடலில் இரண்டும் முட்டிக்கொள்ளும். தொகுப்பு ஆல்பம் என்றால் பாட்டுக்குரிய ஆண்டு போய், தொகுத்த ஆண்டு ஏறிக்கொள்ளும். இரட்டையர் பாட்டில் ராமமூர்த்தி பெயரைக் காணாமல் தேடியிருக்கிறேன். பாடலாசிரியர் பெயரோ பல இடங்களில் இருப்பதே இல்லை. இதெல்லாம் தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாளிலும், எல்பி உறையின் பின்பக்கத்திலும், தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்திலும் அச்சில் இருந்த விவரங்கள். அப்பாவிடம் பாட்டுப் புத்தகங்கள் இருந்தால் ஒன்றையும் விடாதீர்கள். அவை எடை குறைவு, இடமும் அடைக்காது, யார் எழுதிய பாட்டு என்ற சண்டை வந்தால் பல நேரம் அவைதான் சாட்சி.

செயலியில் இருப்பது நாளைக்கும் இருக்குமா என்பதற்கு ஒருவரும் உத்தரவாதம் தருவதில்லை. 2023 மார்ச்சில் ஸீ மியூசிக் நிறுவனத்துக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் ஒப்பந்தம் கூடிவராமல் அந்த நிறுவனத்தின் பாடல்கள் மொத்தமாக மறைந்து, பிறகு திரும்பின. ரெஸோ என்ற பாட்டுச் செயலி 2024 ஜனவரியோடு இந்தியாவில் கடையை மூடியது. அதே ஆண்டு தன் விங்க் மியூசிக் செயலியை மூடுவதாக ஏர்டெல் அறிவித்தது. இப்படி மூடும்போது செயலிக்குள் 'டவுன்லோடு' செய்து வைத்த பாட்டும் சேர்ந்து போகும், ஏனென்றால் அது உங்கள் கோப்பாக இருந்ததே இல்லை. நாம் வருஷக்கணக்காகக் கோத்த பிளேலிஸ்ட்டுகளும் போகும். இளையராஜா பாடல்களின் உரிமை யாருக்கு என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பல வழக்குகள் நடந்திருக்கின்றன. யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள், உரிமைத் தகராறு இருக்கும் பாட்டு எந்தச் செயலியிலும் எப்போது வேண்டுமானாலும் காணாமல் போகலாம் என்பதுதான் கேட்பவருக்கு முக்கியம்.

இனி கேசட்டுகள். வீட்டில் முதலில் தூக்கிப் போடச் சொல்வது இவற்றைத்தான். நானாக இருந்தால் கடைசிவரை விடமாட்டேன். கடையில் வாங்கிய சினிமாக் கேசட்டுகளைச் சொல்லவில்லை. அவை லட்சக்கணக்கில் வந்தவை, பிரபலமான படமாக இருந்தால் கொடுத்துவிடலாம். வீட்டில் பதிவு செய்தவற்றைத்தான் சொல்கிறேன்.

1952இல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தபோது நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் போனார்கள். 1957இல் அதே வானொலி சினிமாப் பாட்டுக்காக விவித் பாரதியைத் தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டில் அந்தப் பிடிப்பு விடவில்லை. டேப் ரெக்கார்டர் வீட்டுக்கு வந்த 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் ரேடியோவுக்கு முன் அதை வைத்துப் பதிவு செய்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பாட்டு மட்டுமா பதிவானது? இலங்கை வானொலி அறிவிப்பாளர்களான கே.எஸ். ராஜாவின் அறிவிப்பு, பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பு, நேயர் விருப்பத்தில் வாசித்த ஊர்ப்பெயர்கள், நடுவே வரும் விளம்பரம் எல்லாம் பதிவாகியிருக்கும். அந்த ஒலிபரப்புகளில் பலவற்றுக்கு இன்று இப்படிப்பட்ட வீட்டுக் கேசட்டைத் தவிர வேறு மூலம் இல்லை. பாட்டின் மேல் அறிவிப்பாளர் பேசிவிட்டாரே என்று அன்று அப்பா சலித்துக்கொண்டிருப்பார். இப்போது அந்தப் பேச்சுக்காகவே அந்தக் கேசட்டைக் காப்பாற்ற வேண்டும்.

ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகளும் உண்டு. பேப்பரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, டிடிகே அல்லது மெல்ட்ராக் காலி கேசட்டில் பதிந்து வாங்குவது. அறுபது நிமிஷமா, தொண்ணூறா என்று கணக்குப் போட்டு, ஒரு பக்கக் கடைசியில் பாட்டு பாதியில் அறுந்துவிடாமல் பொறுக்கிய வரிசை அது. அந்தப் பாட்டுகளை இன்று போனில் எளிதாகச் சேர்த்துவிடலாம், அதனால் ஒலிக்காக வைத்திருக்க வேண்டாம். ஆனால் அட்டையில் இருக்கும் கையெழுத்துப் பட்டியலைப் படம் எடுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இப்படிக் கடைகள் இருந்த தெருவில் இன்று ஒன்றுகூட இல்லை. ஒரு தலைமுறை எதை எதோடு சேர்த்துக் கேட்டது என்பதற்கு இந்த அட்டைகளை விட நல்ல ஆவணம் எனக்குத் தெரியாது.

சபாக் கச்சேரியில் யாரோ மடியில் வைத்துப் பதிந்தது, கோயில் திருவிழா நாதஸ்வரம், கல்யாண வீட்டில் பாட்டிமார் பாடிய நலங்கு, ஊர் வில்லுப்பாட்டு, ஒப்பாரி, மதுரை திருநெல்வேலிப் பக்கச் சின்னக் கம்பெனிகள் போட்ட நாட்டுப்புறப் பாட்டு, மாதாகோயில், தர்காப் பாட்டுகள், 1970களின் இலங்கைத் தமிழ்ப் பொப் பாடல்களின் சிறு தட்டுகள்: இவை கிடைத்தால் எந்தச் செயலியிலும் தேடிப் பார்க்கும் முன்பே ஒதுக்கி வைத்துவிடுங்கள். கதைவசனத் தொகுப்புகளும் அப்படியே. 'திருவிளையாடல்' வசனம் ஒலிபெருக்கியில் ஓடாத திருவிழாவோ, 'விதி' கேசட் ஓடாத டீக்கடையோ ஒரு காலத்தில் கிடையாது. படம் யூடியூபில் இருக்கிறது என்பதால் தட்டுக்காகத் தொகுத்த வடிவமும் அங்கே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆகவே முதல் வேலை பட்டியல். தட்டின் நடுத்தாள், உறையின் இரண்டு பக்கம், கேசட் அட்டை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டே போங்கள். முத்திரைப் பெயரும் வெளியீட்டு எண்ணும் படத்தில் தெளிவாக விழட்டும். அந்த எண்தான் ஒரு பதிப்பை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும், இசைத்தட்டு விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் தேடவும் அதுவே வழி. அட்டை எழுதாத கேசட்டுகளுக்கு அப்பாவை உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த வருஷம், எங்கே பதிந்தது, பாடுவது யார் என்று அவர் சொல்வதைப் போனிலேயே பதிவு செய்யலாம். வேறு எந்த வேலையையும் தள்ளிப் போடலாம், இதைத் தள்ளிப் போடக்கூடாது. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் 78 தட்டுகளைச் சேர்த்ததோடு நிற்காமல் அவற்றைப் பற்றித் தொடர்ந்து எழுதியும் வந்ததால்தான், யார் எதைப் பாடினார்கள் என்ற விவரம் பலவற்றில் நமக்குத் தெரிகிறது.

கூடவே ஒரு சின்னக் காரியம். வீட்டில் பதிந்த ஒவ்வொரு கேசட்டின் மேல் விளிம்பிலும் இரண்டு பிளாஸ்டிக் தாழ்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். பிறகு தவறுதலாக ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது.

முந்நூறு கேசட்டும் தொண்ணூறு நிமிஷம் என்றால் 450 மணி நேரம். கணினியில் ஏற்ற ஓடும் நேரம் முழுவதும் ஆகும், குறுக்குவழி இல்லை. தினம் ஒரு மணி என்றாலும் ஒன்றேகால் வருஷம். அதனால் முதலில் வானொலியும் கச்சேரியும் குடும்பக் குரல்களும். மற்றவை நேரம் இருந்தால். கேசட்டைக் கணினியில் பதியும் தர அளவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் தாராளம், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி பிடிக்கும். ஃபிளாக் கோப்பாக மாற்றினால் ஒலி குறையாமல் இடம் குறையும். எம்பி3 ஆக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், பிறகு செப்பனிட வேண்டுமானால் கையில் ஒன்றும் இருக்காது.

நம் ஊர் ஈரத்தில் கேசட் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படரும். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பார்த்தாலே தெரியும். பூஞ்சை பிடித்ததை நல்ல டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) போட்டால் நாடாவை வாசிக்கும் ஹெட்டிலும் அதை இழுக்கும் ரோலரிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதற்கென்று ஒரு பழைய டெக்கை ஒதுக்குங்கள். நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுப் பட்டை விழுந்திருந்தால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றலாம், திருகாணி போட்ட கேசட்டில் இது பத்து நிமிஷ வேலை. ஒலி மந்தமாக இருந்தால் நாடாவைக் குறை சொல்லும் முன் ஹெட்டின் பக்கத்துத் திருகாணியை மிக மெல்லத் திருப்பிப் பாருங்கள். பதிந்த கருவியின் ஹெட் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் பொருந்தும் இடத்தில் ஒலி சட்டென்று தெளியும்.

78 தட்டைச் சாராயம் (ஆல்கஹால்) கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்காதீர்கள். அது அரக்கால் ஆனது, சாராயத்தில் கரைந்துவிடும். எல்பிக்கு விற்கும் சில சுத்தம் செய்யும் திரவங்களில் அது இருக்கிறது, கடைக்காரர் சொல்லமாட்டார். காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஓரிரு சொட்டு, மென்மையான பிரஷ், நடுத்தாளில் ஈரம் படக்கூடாது. எல்பி ஊசியால் 78ஐ ஓட்டவும் கூடாது. 78இன் பள்ளம் பல மடங்கு அகலம், மெல்லிய ஊசி அடியில் போய்ப் புழுதியைத்தான் வாசிக்கும். 78க்கான தனி ஊசி விற்கிறது. வீட்டில் அந்த வசதி இல்லையென்றால் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். எல்லாத் தட்டையும் நிமிர்த்தி வையுங்கள், அடுக்காதீர்கள். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண் எல்பிக்கு எமன், ஒரு சித்திரை வெயிலிலேயே நெளிந்துவிடும்.

சிடிகள் எளிது. கம்பெனி அச்சிட்ட சிடியை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளால் பிசகில்லாமல் எடுக்கலாம். ஒரு சிடி ஃபிளாக்காக 350 எம்பி வந்தால், 1 டிபி ஹார்ட் டிஸ்கில் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு மேல் கொள்ளும். வீட்டுக் கணினியில் பதிந்த (பர்ன் செய்த) சிடிகள் இருந்தால் அவற்றை எல்லாவற்றுக்கும் முன்னால் எடுங்கள். அவற்றின் சாயம் வெளிறும், வெளிறியதை மீட்க முடியாது. ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு என்று நடைபாதையில் விற்ற எம்பி3 சிடிகளைத் தயங்காமல் எறியலாம். இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் வைத்து, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

சட்டம் பற்றி வீட்டில் யாராவது கேட்பார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலுக்கு இடம் தருகிறது. ஏற்றியதை ஊருக்குப் பகிர்வது வேறு கதை. இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 2026ஆம் ஆண்டுக் கணக்கில் 1965 வரை வெளியான பதிவுகளுக்கு அது முடிந்துவிட்டது. ஆனால் பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி, அது எழுதியவர், இசையமைத்தவர் மறைந்து 60 ஆண்டுவரை நீளும். கண்ணதாசன் மறைந்தது 1981இல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொடுப்பதாக இருந்தால் சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பழைய தட்டு சேகரிப்பவர்களுக்கு மும்பையில் இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. மூட்டையோடு போய் வாசலில் நிற்காமல் பட்டியலை முதலில் அனுப்புங்கள். எந்த நூலகத்துக்கும் தன்னிடம் இல்லாததுதான் வேண்டும், பட்டியல் இல்லாத மூட்டையைப் பிரித்துப் பார்க்க அவர்களிடம் ஆள் இருக்காது. விற்பதாக இருந்தால் எல்பிகளுக்கு, அதிலும் இளையராஜா எல்பிகளுக்கு, இப்போது நல்ல கிராக்கி. உறை கிழியாத சில தட்டுகள் ஆயிரக்கணக்கில் போகின்றன. வீட்டுக்கு வரும் வியாபாரி அந்த நாலைந்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்வார். நீங்கள் பட்டியலையும் வெளியீட்டு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு தட்டுக்குத் தட்டு பேசுங்கள். வீட்டுக் கேசட்டுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் அவர் வரும் முன்பே வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.